நிதானச் சான்று

வந்து இறங்கிய முட்டைகளில் மாதிரிக்கு நாற்பதை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். முப்பத்தொன்று மிதந்தன.

நல்ல முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கெட்டது மேலே வந்து ஆடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனாலும் நான் உணவு வேதியியலில் பட்டம் வாங்கியவள். துவாக்குடிப் பக்கம் ஒரு மையச் சமையற்கூடத்தில் தரப் பரிசோதகர். நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கு எங்களிடமிருந்துதான் மதியச் சாப்பாடு போகிறது. மிதந்ததில் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தேன். உள்ளே இருந்ததை விவரிக்க மாட்டேன், இதைப் படிப்பவர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற சமையல்காரம்மா மரியபுஷ்பம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேலாளர் குலசேகரன் வந்தார். வாளியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"முழுகறதை அவிச்சுக் குடுத்துருவோம். மிதக்கறதை வியாழக்கிழமை முட்டை மசாலாவுல சேத்துக்கலாம். பூண்டும் கிராம்பும் தூக்கலாப் போட்டா ஒண்ணும் தெரியாது."

"சார், இது கூமுட்டை. சின்னப் பிள்ளைங்க சாப்பிடறது."

"அதுங்க வீட்ல இதுகூடக் கிடைக்காது மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளங்காலில் கிளம்பிக் காதுமடல்வரை ஏறியது. இடது மணிக்கட்டில் இருந்த பட்டை மஞ்சளாகி, சிவப்பானது. குலசேகரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைத்தான் பார்த்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"பாருங்க, செவந்துருச்சு. போய்க் கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில உக்காருங்க. உடம்பு முக்கியம்."

ஒரு நிமிடம் கழித்து அக்குளுக்குக் கீழே சுருக்கென்றது. மருந்துச் சொட்டு இறங்கிவிட்டது. என் தோள்கள் தளர்ந்தன, நாக்கு தடித்தது, வாயில் துருப்பிடித்த இரும்பின் சுவை வந்தது. "சரி சார்" என்றேன். சொன்னது என் வாய்தான். அதோடு விட்டேனா, அந்த முப்பது முட்டைகளையும் நானே துணியால் துடைத்து, அட்டையில் வரிசையாக அடுக்கி, குளிர் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அன்று நடந்ததில் எனக்கு இன்னமும் குமட்டுவது அதுதான்.

மாத்திரையைத் திட்ட நான் இதை எழுத உட்காரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயதில் இருமுனை மனநோய் வந்தது. அக்காவின் பட்டுப்புடவைகளைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் தானம் செய்தவள் நான். நான்கு நாள் தூங்காமல் சமையலறைச் சுவர் முழுக்க எழுதியவள். தடுக்க வந்த அக்காவின் முன்பல்லை உடைத்தவள். தினமும் விழுங்குகிற இரண்டு மாத்திரைகளும் மூன்று மாதத்துக்கொருமுறை ஊசி குத்தி எடுக்கிற ரத்தமும்தான் என்னை மனுஷியாக்கி வைத்திருக்கின்றன. தூக்கம் வந்தது, வேலை கிடைத்தது, கணக்காக நாட்கள் ஓடின. கோபத்தை மட்டும் மாத்திரை தொடவில்லை. சிலருக்கு அப்படித்தான் தங்கிவிடும் என்றார் டாக்டர்.

கோபத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், அதற்கு மற்றவர்கள் கேட்ட கேள்வியைத்தான் சமாளிக்க முடியவில்லை. பேருந்தில் உரசியவனை அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னால், "மாத்திரை போட்டியா?" ரேஷன் கடை வரிசையில் புகுந்தவனைத் தட்டிக் கேட்டால், "மாத்திரை போட்டியா?" பதினோரு வருடம். எனக்கு நடந்த அநியாயம் எல்லாவற்றுக்கும் நான் மாத்திரை மறந்ததுதான் காரணம் என்று ஒரு ஊரே முடிவு கட்டியிருந்தது.

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சம்பந்தம் அந்தச் சின்ன வில்லையை மேசைமேல் வைத்துப் பேசியபோது நான் அழுதேன்.

"இதுக்குப் பேரு நிதானி. அக்குளுக்குக் கீழ ஒட்டிக்கும். நாடி, வேர்வை, ரத்தம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். நிறம் காட்ட மணிக்கட்டுல ஒரு பட்டை."

"கோபம் வந்தா அமுக்கிடுமா டாக்டர்?"

"அதுக்குத்தான் பழைய ஊசியெல்லாம் இருந்துச்சேம்மா. இது பிரிச்சுப் பாக்கும். நோயால வர்ற கோபம் வேற, நியாயமா வர்ற கோபம் வேற. நோய்க்கோபம்னாதான் பட்டை செவக்கும், ஒரு சொட்டு மருந்து விடும். நியாயமான கோபத்த அது தொடவே தொடாது. பட்டை பச்சையாவே இருக்கும்."

எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இனி யாராவது மாத்திரை போட்டியா என்று கேட்டால் கையை நீட்டிப் பச்சையைக் காட்டலாம். காப்பாளர் என்ற இடத்தில் அக்கா திலகவதி கையெழுத்துப் போட்டாள். அத்தான் போன பிறகு வீட்டில் அவளும் நானும்தான். ஆனால் கோபம் வந்தபோதெல்லாம் பட்டை சிவந்ததே தவிர ஒருமுறைகூடப் பச்சை காட்டவில்லை, எல்லாம் நோய்தான் போல என்று நானே நம்பிவிட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்லதுக்கு வருகிற எதையும் நம் அலுவலகங்கள் அப்படியே விட்டுவைப்பதில்லை. நிதானி அணிந்தவர் எங்கே கையெழுத்திட்டாலும் அந்த நேரத்தில் பட்டை என்ன நிறம் என்ற சான்று சேர வேண்டும் என்று விதி வந்தது. நிதானச் சான்று என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். சிவப்பில் எழுதிய எதுவும் செல்லாது.

முட்டைகளை அடுக்கிவிட்டு வந்த திங்கட்கிழமை மாலை, மருந்தின் மந்தம் விலகியதும், உணவுப் புகார்த் தளத்தைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஏழு வயசுப் பிள்ளைகள், தட்டை வழித்துத் தின்கிற பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவது வரியில் பட்டை சிவந்தது. விடாமல் எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: மனுதாரர் நிதானமற்ற நிலையில் எழுதியது, ஏற்பதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி சிவந்து, சொட்டு இறங்கி அமைதியான பிறகு மறுபடி அனுப்பிப் பார்த்தேன். மருந்து இறங்கி நான்கு மணி நேரத்துக்குள் எழுதியது, ஏற்பதற்கில்லை. கோபத்தோடு எழுதினால் நோய் எழுதியது, கோபம் தணிந்து எழுதினால் மருந்து எழுதியது. நான் எழுதுவது எப்போது என்று அவர்கள் சொல்லவில்லை. வில்லையைக் கழற்றிவிட்டு எழுதலாம் என்றால், கழற்றியவர் என்று பதிவாகும். அதற்கு இன்னும் கீழான இடம். மரியபுஷ்பத்தைப் புகார் எழுதச் சொல்லிக் கேட்டேன். "நீங்க படிச்சவங்க, உங்களுக்கு வேற எடத்துல வேலை கிடைக்கும். எனக்கு ஆரு குடுப்பா?" என்றார். மூன்றாவது முறை நான்கு மணி நேரம் பொறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டை என்ற சொல்லை எழுதினேன். சிவந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மசாலா இறக்கிவிடுவார்கள். புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், இது நியாயமான கோபமா, நோய்க்கோபமா?" என்று கேட்டு முட்டைக் கதையைச் சொன்னேன்.

கேட்கும்போதே அவர் முகம் கோணியது. "நியாயம்தாம்மா. இதுக்குக் கோபம் வரலைன்னாதான் வைத்தியம் பாக்கணும்."

"அப்ப இது ஏன் செவக்குது?"

அவர் கணினியில் என் பதிவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது பொறந்ததுலேருந்தே நியாயம் அநியாயம் தெரிஞ்ச மிஷின் இல்ல. மொத ஆறு மாசம் அது கத்துக்கும். உங்களுக்குக் கோபம் வர்றப்பல்லாம் காப்பாளரோட போனுக்கு ஒரு கேள்வி போகும். நியாயமா, நோயான்னு. அவங்க சொல்றதை வெச்சுத்தான் அது உங்களைப் புரிஞ்சுக்கும்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நோயாளிகிட்டயே எப்படிம்மா கேக்கறது," என்றார், ரொம்ப இயல்பாக. அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். ஆறு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு கோபங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல். நோய். நோய். நோய். நியாயம் என்று ஒன்றுகூட இல்லை.

பேருந்தில் மறுபடி ஒருவன் உரசி, நான் அறைந்த நாளைத் தேடினேன். நோய். அலுவலகத்தில் என் அறிக்கையில் இன்னொருவன் தன் பெயரைப் போட்டுக்கொண்ட நாள். நோய். பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்குட்டியைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் வீசிய நாளும் இருந்தது. அதுவும் நோய்.

"மாத்த முடியுமா டாக்டர்?"

"மறுபடி மொதல்லேருந்து சொல்லித் தரலாம். அதுக்கு ஆறு மாசம் ஆகும். காப்பாளர் கையெழுத்தும் வேணும்."

நான் வீட்டுக்கு வந்தபோது மதியம் ஒன்றரை. அக்கா சாப்பிட்டு முடித்து, கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன்டி மங்கை, லீவா? சாதம் போடட்டா?" என்று எழுந்தாள்.

"அக்கா, நிதானி உன் போனுக்குக் கேள்வி அனுப்புச்சே, அந்த ஆறு மாசம். எல்லாத்துக்கும் நோய்னே போட்டியா?"

அவள் மறைக்கவில்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது. மறுபடி உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்தது.

"ஆமா. அத ஏன் கேக்கற, பெரிய ரோதனை. நியாயம்னு போட்டா ஏன், எதுக்கு, யாரு பாத்தா, ஆதாரம் இருக்கான்னு பத்து கேள்வி கேக்குதுடி. எல்லாத்துக்கும் டைப் அடிக்கணும். அடுப்புல கொழம்பு கொதிச்சிட்டிருக்கும். நோய்னு போட்டா உடனே போயிடுது."

கீரைத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு தடவகூட, இவ கோபப்படறது சரிதான்னு உனக்குத் தோணலையா?"

"தோணாம என்ன. அந்த நாய்க்குட்டி விஷயத்துல எனக்கே வயிறு எரிஞ்சுது." அவள் குரல் தாழ்ந்தது. நாக்கால் அந்தக் கட்டுப்பல்லைத் தடவிக்கொண்டாள். "ஆனா நீ சத்தம் போட்டாலே எனக்குக் கையெல்லாம் நடுங்குதுடி. உனக்குத் தெரியாது, அன்னிக்கு நீ எப்படி இருந்தேன்னு. மருந்து கூட ரெண்டு சொட்டுப் போனா என்ன கெட்டுப்போச்சு? நீ நல்லா இருந்தாப் போதும் எனக்கு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். உள்ளங்காலில் ஏதாவது கிளம்புகிறதா என்று பார்த்தேன். இல்லை. உடம்பு சூடாகவில்லை, சில்லிட்டது. வாயில் எச்சில் ஊறியது. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரையைப் பார்க்காமலே, அந்த விரல் இருநூற்றுப் பதினான்கு முறை என் வாழ்க்கையைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மணிக்கட்டு கண்ணில் பட்டது. பட்டை பச்சையாக இருந்தது. நாடித்துடிப்பு அறுபத்திரண்டு. எனக்கு விளங்கிவிட்டது. அதற்குக் கோபத்தைத் தெரியும். நாடி ஏறினால், சூடு ஏறினால், முஷ்டி இறுகினால் தெரியும். அருவருப்பில் இதெல்லாம் இறங்கிவிடுகிறது. இந்த மிஷினைச் செய்தவர்கள் யாரும் அருவருப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது வரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அப்படியே உட்கார்ந்து எழுதினேன். அக்கா பின்னால் வந்து நின்று, "என்னடி ஆச்சு, எலுமிச்சம்பழம் பிழியட்டா?" என்று முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று விட்டேன். அது உதவியாக இருந்தது. எழுதும்போது பிள்ளைகளின் ஞாபகம் வந்து நெஞ்சு சூடாகிற போதெல்லாம் அந்தக் கட்டைவிரலை நினைத்துக்கொண்டேன். சூடு உடனே அடங்கியது. முட்டை எண்ணிக்கை, மிதந்தவை, உடைத்ததன் நிறம், நாற்றம், குளிர் அறையில் எத்தனையாவது தட்டு, மேலாளர் சொன்ன வாக்கியம். இரண்டு மணி பத்துக்கு அனுப்பினேன். இரண்டு பதினொன்றுக்குப் பதில் வந்தது: மனுதாரர் முழு நிதானத்தில் எழுதியது, ஏற்கப்பட்டது.

அனுப்பிய பிறகு அதைத் திங்கட்கிழமை எழுதியதோடு வைத்துப் படித்துப் பார்த்தேன். திங்கட்கிழமைக் கடிதத்தில் பிள்ளைகள் என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. ஏற்கப்பட்டதில் ஒரு இடத்திலும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு பெண் அதிகாரி இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். குளிர் அறையைத் திறந்து, நான் எழுதிய தட்டிலிருந்து முட்டைகளை எடுத்து, வாளியில் போடச் சொன்னார். எல்லாம் மிதந்தன. குலசேகரன் கத்தினார். மேசையைக் குத்தினார். என்னை நோக்கி விரலை நீட்டி, "இவ ஒரு பைத்தியம் மேடம், தினம் மாத்திரை தின்னுற கேஸு, இவ பேச்சக் கேட்டா வந்தீங்க?" என்றார். கழுத்து நரம்பு புடைத்து, வாயோரம் எச்சில் தெறித்தது. அவர் மணிக்கட்டில் பட்டை எதுவும் இல்லை. அவரை யாரும் சான்று கேட்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

"எல்லாம் எழுதியிருக்கேன் மேடம்."

"இவ்வளவு நிதானமா ஒருத்தர் புகார் எழுதி நான் பாத்ததில்ல," என்றார் அவர், பாராட்டாகத்தான். அன்று நாற்பத்திரண்டு பள்ளிகளிலும் பிள்ளைகள் எலுமிச்சைச் சாதம் தின்றார்கள். கூடத்துக்குப் பூட்டுப் போட்டு, ஒரு மாதம் கழித்து வேறு மேலாளரோடு திறந்தார்கள். மரியபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர் கை ஈரமாக இருக்கிறதே, எப்போது விடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று மாதமாகிறது. பட்டை ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. டாக்டர் சம்பந்தம் பதிவைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "அருமையா இருக்கீங்க. இப்படியே போனா கழட்டிடலாம்," என்றார். எனக்குக் கோபம் வருவதே இல்லை என்று நான் சொன்னதை நல்ல செய்தியாக எழுதிக்கொண்டார். கோபம் இருந்தபோது எதிரே இருப்பவர் திருந்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதற்காகத்தான் கத்தினேன். இப்போது எதிரே இருப்பவர் கொஞ்சம் தள்ளிப் போனால் போதும் என்றிருக்கிறது. கோபத்துக்காவது ஒரு சொட்டு இருந்தது. இதற்கு அவரிடம் மருந்து இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு வில்லையை ஒட்டிவிடுவார்.

முட்டை பிடிபட்ட மறுவாரமே அக்கா மருத்துவமனைக்குப் போய், மறுபடி முதலிலிருந்து சொல்லித் தருவதற்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. வந்ததும், "இனிமே ஒழுங்காப் பாத்துப் போடறேன்டி," என்றாள். அன்றிலிருந்து போனைக் கையைவிட்டு இறக்குவதில்லை. சமைக்கும்போதும் மேடையில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறாள். கேள்வி வருவதில்லை. நான் அவளிடம் மரியாதையாகவே பேசுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவள் தலைவாரிவிட வந்தால் மட்டும், நானே வாரிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வத்தக்குழம்பு வைத்திருந்தாள். முதல் கவளத்திலேயே தொண்டை எரிந்தது. ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கவளத்தை எடுத்தேன். அக்கா தன் தட்டைத் தொடாமல் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ரெண்டு கை அள்ளிப் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்." "நேத்து உன் ஆபீஸ் நோட்டக் கிழிச்சதும் நான்தான். அதுக்கும் நீ ஒண்ணும் சொல்லல. திட்டுடி மங்கை. ஒரே ஒரு தடவ திட்டு. இந்தத் தடவ பத்து கேள்விக்கும் பதில் சொல்லிடறேன்."

போன் அவள் மடியில் விழித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அதன்மேல் தயாராக இருந்தது.

நான் அந்த விரலைப் பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கலக்கா" என்று சொல்லி, எழுந்துபோய்க் கை கழுவினேன்.